சி பிளாக் மாடியில் அரசாணி

ஆவணி 8, ஞாயிறு

இன்று காலை சி பிளாக் மொட்டை மாடியில் இருந்தவர்கள்: நான், நாச்சம்மாள். என் மருமகள் சுகந்தி. அவளைப் பெற்றவங்க, என் சம்பந்தியம்மா மயிலாத்தாள். மூன்றாவது மாடி ஜெசிந்தா டீச்சர். கீழ்வீட்டுத் தையல்காரர் ஹபீப் பாய். இரண்டாவது மாடி கோகிலா. என் பேத்தி நிவேதா துணி எடுக்க நடுவில் வந்தாள், ஆனால் காதில் விழ வேண்டியதெல்லாம் விழுந்த பிறகுதான் இறங்கினாள். என் மகன் சென்னியப்பன் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் லேத் பட்டறை என்று போய்விட்டான். அதனால் அவன் இதைப்பற்றி என்ன பேசினாலும் கேள்விப்பட்டுப் பேசுகிற பேச்சுத்தான்.

எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒருத்தர் வந்து அப்படி இல்லை, இப்படித்தான் என்பார்கள். நான் நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் மறதி என்பது எனக்குக் கிடையாது. மில்லில் ரீலிங் பக்கம் என்னோடு நின்றவர்கள் எவள் எந்த மிஷினில் நின்றாள், எவள் என் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தாள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மாடித் தோட்டம் ஜெசிந்தா டீச்சர் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இந்த பிளாக்கில் படியில் எதிரே ஆள் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கிப் போவோம். மாடியில் உடைந்த கக்கூஸ் பீங்கானும் கேபிள் ஒயரும் கிடந்தது. இன்றைக்குப் பார்த்தால் பை பையாகத் தக்காளி, கத்திரி, தண்டுக்கீரை, புதினா. ஞாயிறு காலையில் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்து சேர்ந்து பறிப்போம். பறித்ததைக் கூறு வைத்துப் பிரித்துக்கொள்வோம். பாய் வீட்டம்மாவுக்கு ரத்தம் கம்மி என்று டாக்டர் சொன்னதிலிருந்து முதல் கூறு கீரை கீழ்வீட்டுக்குத்தான். யாரும் சொல்லி வைத்த சட்டமில்லை, அப்படி ஆகிவிட்டது.

இந்த வருஷம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பழைய டிரம்முகளில் அரசாணிக்காய், அதுதான் பரங்கிக்காய், போட்டு, கம்பி கட்டிப் பந்தல் ஏற்றியிருக்கிறோம். புரட்டாசி முதல் சனிக்கிழமை எல்லா வீட்டுக்கும் மாடியிலேயே சமைத்து இலை போடுவது என்று பேசி, அரசாணிப் பொரியல் என் பொறுப்பு என்று நான் வாயால் சொல்லியிருக்கிறேன். காய் மாடியில் காய்த்ததாகத்தான் இருக்கணும் என்றும் சொன்னேன்.

இன்றைக்குப் போய்ப் பார்த்தால் பிஞ்செல்லாம் மஞ்சளடித்துச் சுருங்கிக் கிடக்கிறது. தொட்டால் விழுகிறது.

கோகிலா என் காதருகே வந்து, சம்பந்தியம்மா விடியக்காலையில் தனியாக மேலே வந்து ஒவ்வொரு பிஞ்சுக்கும் நேராக விரலை நீட்டிக்கொண்டு நின்றதைத் தான் பார்த்ததாகச் சொன்னாள். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் வெம்பிப் போகும், காட்டுவதானால் விரலை மடக்கித்தான் காட்டணும். இது பிறந்த குழந்தைக்கும் தெரியும். போதாததற்கு நல்ல பூவையெல்லாம் பிய்த்துக் கீழே போட்டிருந்தது. இதழ் இதழாக நானே கூட்டி அள்ளினேன்.

நான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். ஏனுங்க சம்பந்தியம்மா, பிஞ்சைச் சுட்டிக் காட்டினீங்களாமா என்று கேட்டேன். அவங்க சிரித்துக்கொண்டே, "சுட்டலீங்க, பூவைத் தொட்டு உட்டேன்" என்றாங்க. அது என்ன பதில்? பிஞ்சு கொட்டிக் கிடக்கும்போது சிரிப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது?

அதற்கப்புறம் நான் ஒரு வார்த்தை சொன்னேன். கோபத்தில் வந்தது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை, மேலே பேர் எழுதியிருக்கிற எல்லாரும் கேட்டார்கள்.

ஆவணி 9, திங்கள்

சம்பந்தியம்மா காலையில் மாடிக்குப் போகவில்லை. முந்திரிப்பருப்பு டப்பாவில் எறும்பு. வெயிலில் வைத்தேன்.

ஆவணி 11, புதன்

திருப்பூரிலிருந்து அவங்க மகன் தங்கராசு வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். பனியன் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ரெண்டு பை, ஒரு போர்வை, அவங்க வீட்டுக்காரர் போட்டோ. அவ்வளவுதான் சாமான். கதவருகே நின்று, "வர்றேனுங்க சம்பந்தியம்மா, சர்க்கரை மாத்திரையை மறந்துடாதீங்க" என்றாங்க. மறதி என்று என்னிடம் சொல்லுவதைப் பாருங்கள்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை ஈரம். எழுந்து போகவில்லை.

ஒன்று சொல்லணும். அவங்க இந்த வீட்டுக்கு வந்ததே எனக்குச் சம்மதத்தோடுதான். வீட்டுக்காரர் போய், மகன் வீட்டில் ஒரே ரூமில் அத்தனை பேர் என்றதும், சென்னியப்பன் என்னைக் கேட்டான். நான் தலையாட்டினேன். ஹாலில் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தோம். எனக்கு ஃபேன் வேகமாக வேணும், அவங்களுக்கு ஆகாது. ரெகுலேட்டர் ராத்திரி முழுக்க ஏறி இறங்கும். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம், எழுந்து போய்த் திருகிவிட்டு வந்து படுப்போம்.

சென்னியப்பன் கல்யாணத்தில் என் பெரியக்காவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தவங்க இவங்க. முதல் பந்தியில் இடம் இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் தலையாட்டினேன் என்றால் என் மனசு பெரிய மனசுதானே?

இன்றைக்கு ஃபேனை ஐந்தில் வைத்துப் படுத்தேன். குளிர்ந்தது. எழுந்து குறைத்தேன்.

ஆவணி 15, ஞாயிறு

பறிப்பு நடந்தது. கீரை நன்றாக இருந்தது. கத்திரி சுமார். ஜெசிந்தா டீச்சர் வழக்கம்போல எல்லார் பேரையும் கூப்பிட்டு வந்தாச்சா என்று கேட்டவர், சம்பந்தியம்மா பேருக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டார். கோகிலா இன்றைக்கு எனக்கு ரொம்ப நெருக்கம். பெரியம்மா பெரியம்மா என்று பின்னாலேயே வந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

மதியம் சுகந்தி சோறு போட்டாள். போடும்போது நான்தான் பேச்சை எடுத்தேன். ஒரு வார்த்தை சொன்னதற்கு இத்தனை பெரிய மனுஷி மூட்டை கட்டலாமா, வயசுக்கு வந்த பெண்ணா கோபித்துக்கொண்டு போக, என்று கேட்டேன். சுகந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நானும் எங்கம்மா கை பட்டு வளந்தவதானுங்க அத்தை."

 ரசம் வேணுமா என்றுகூடக் கேட்கவில்லை. கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சரி, எழுதிவிடுகிறேன். நான் அன்றைக்கு மாடியில் சொன்னது இது: "உங்க கை பட்ட எது நெலைச்சிருக்குங்க?" அவ்வளவுதான். செடியைச் சொன்னேன். அவங்க வீட்டுக்காரர் ஐம்பதில் போனதையோ, தங்கராசுவின் மூத்த குழந்தை தொட்டிலில் போனதையோ நான் சொல்லவில்லை. கேட்டவர்கள் அதையெல்லாம் நினைத்துக்கொண்டார்கள் என்றால் நான் என்ன செய்ய?

அந்தக் குழந்தையை அடக்கத்துக்கு எடுத்தபோது நான் போயிருந்தேன். சம்பந்தியம்மா மடியில்தான் கிடந்தது. கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டாங்க. நான்தான் விரலைப் பிரித்து வாங்கினேன்.

ஆவணி 16, திங்கள்

மருமகள் பேசவில்லை.

ஆவணி 19, வியாழன்

பேசவில்லை. சோறு நேரத்துக்கு வருகிறது. மாத்திரை டப்பா கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறாள். என் சேலையையும் சேர்த்துத்தான் துவைக்கிறாள். ஒரு குறை சொல்ல முடியாது. சென்னியப்பனிடம் சொன்னேன். அவன், "நீ போய்க் கூட்டிட்டு வா, நான் என்ன பண்ணட்டும்" என்றான். இவனுக்காக நான் மில்லில் ரெண்டு ஷிப்ட் பார்த்தேன்.

ஆவணி 22, ஞாயிறு

அரசாணிக் கொடி இலை இலையாகப் போய்க்கொண்டிருக்கிறது. பூவும் நிறைய. பிஞ்சு வருகிறது, கோழிமுட்டை அளவு ஆகிறது, மஞ்சளாகி விழுகிறது. இப்போது சுட்டிக்காட்ட மாடியில் யாரும் இல்லை.

பந்தல் காலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினேன். ஹபீப் பாய் ஒரு பழைய பானையில் சுண்ணாம்பு அடித்துக் கண், மூக்கு, மீசை எழுதிக் கொண்டுவந்து கவிழ்த்தார். மீசை அசல் கோகிலா வீட்டுக்காரர் மீசை. எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மா இருந்திருந்தால் கோகிலாவைக் கூப்பிட்டு, வீட்டுக்காரரை வெயிலில் நிற்க வைத்திருக்கிறார்களே என்று கேட்டிருப்பாங்க. அவங்களுக்கு அந்த மாதிரி பேச்சு சட்டென்று வரும்.

பானை ராத்திரி காற்றில் உருண்டு உடைந்துபோனது.

ஆவணி 29, ஞாயிறு

நிவேதா என்னிடம் பேசுகிறாள், ஆனால் கேட்டதற்கு மட்டும். இன்றைக்கு அவள் போனில் யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தாள். யாரென்று கேட்டேன். "அம்முச்சி" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். நான் இந்த வீட்டில் இருக்கிற ஆத்தா. அவங்க பஸ்ஸேறிப் போன அம்முச்சி, அம்மாவைப் பெற்றவங்க. சிரிப்பு அங்கே போகிறது.

புரட்டாசி 3, வெள்ளி

நாளைக்குச் சமையல். மாடியில் ஒரு அரசாணிக்காய் இல்லை. ஜெசிந்தா டீச்சர் உழவர் சந்தைக்குப் போய்ப் பெரிய காயாக வாங்கி வந்தார். நான் பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "எல்லாருக்கும் பொதுவாத்தானேம்மா, விடுங்க" என்றார். நல்ல பெண். அதனால்தான் எனக்குக் குத்தியது.

புரட்டாசி 4, சனி

சாப்பாடு நன்றாக நடந்தது. எழுதியே ஆகணும், நன்றாக நடந்தது. தொட்டி நிழலில் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் மாடியில் புதிதாக வந்திருக்கிற அந்த வடக்கத்திக் குடும்பமும் வந்தது. அந்தப் பெண் என்னிடம் ஜாடையில் அரசாணி தோலோடா, தோல் சீவியா என்று கேட்டுத் தானே அரிந்து கொடுத்தாள். ஹபீப் பாய் வீட்டம்மா நாலு மாடி ஏறி வந்தார். போன வருஷம் இதே அம்மா ஒரு மாடி ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்தவர். எல்லாரும் கீரை, கீரை என்று சொல்லிச் சிரித்தார்கள்.

என் பொரியலை எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கடையில் வாங்கின காய் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை.

இலை எடுக்கும்போது ஜெசிந்தா டீச்சர் பந்தலைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "ஏம்மா, உங்க சம்பந்தியம்மா காலையில பூவுக்குப் பூ தொட்டு விடுவாங்களே, இப்ப அதை யார் செய்யறாங்க?"

யாரும் இல்லை என்றேன்.

ஆண் பூவின் பொடி பெண் பூவில் பட்டால்தான் பிஞ்சு நிற்கும், இத்தனை உயரத்துக்குத் தேனீ சரியாக வருவதில்லை, அதனால்தான் தினமும் விடியலில் அவங்க ஏறி வந்து கையால் தொட்டு விடுவாங்க என்று டீச்சர் அந்த வடக்கத்திப் பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஹபீப் பாயும், ஆமாமா, அந்தம்மா காய்ச்சலில் படுத்திருந்த வாரம்தானே பிஞ்சு கொட்ட ஆரம்பித்தது என்றார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கோகிலாவைப் பார்த்தேன். அவள் அடுக்கின டம்ளரையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அவங்களுக்கு ரசம் வைத்துக் கொடுத்தது நான். நெற்றியில் துணி நனைத்துப் போட்டதும் நான். அதையும் யாராவது நினைவில் வைத்தால் தேவலை.

புரட்டாசி 5, ஞாயிறு

தூக்கம் இல்லை. சர்க்கரை ஏறியிருக்கும்.

எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் எனக்குத் தெரியாது என்று நேற்று எழுதலாம் என்றிருந்தேன்.

எழுத முடியவில்லை. ஆனி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அடுப்படியில் ரெண்டு பேரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். கரண்ட் போய் வந்தது. அப்போது சம்பந்தியம்மா என்னிடம் சொன்னாங்க. அடியில் பிஞ்சு ஒட்டியிருக்கிறது பெண் பூ, நீளக் காம்போடு சும்மா நிற்கிறது ஆண் பூ, ஆண் பூவைப் பறித்து இதழைப் பிய்த்துவிட்டு நடுவில் இருக்கிறதைப் பெண் பூவில் லேசாகத் தடவணும், வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும், அதனால் விடியலிலேயே செய்யணும். "நாளைக்கு நீங்களும் வாங்களேன், ரெண்டு பேருமாப் பண்ணலாம்" என்றாங்க.

அதற்கு நான் சொன்னது: "பூவுக்கும் நீங்கதான் கல்யாணம் பண்ணி வெக்கணுமா? மனுசருக்குப் பண்ணி வெச்ச லட்சணம் போதாதுங்களா?" பந்தி விஷயத்தை மனதில் வைத்துச் சொன்னேன். அவங்களுக்கும் புரிந்தது. சிரித்துவிட்டு உரித்த மொச்சையை என் முறத்தில் போட்டாங்க.

இது எனக்கு நேற்று ஞாபகம் வந்ததல்ல. எனக்கு எதுவும் புதிதாக ஞாபகம் வருவதில்லை, எல்லாம் அப்படியே இருக்கும். அன்றைக்கு மாடியில் கீழே கிடந்த இதழைக் கூட்டி அள்ளும்போதும் இருந்தது.

போதும். துணி நனைகிறது, மழை.

புரட்டாசி 7, செவ்வாய்

விடியலில் ஏறினேன். முட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு பேச்சுப் பேசியது. போய்ச் சேர்வதற்குள் வெயில் வந்து பூ மூடிக்கொண்டிருந்தது. வாயைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது.

புரட்டாசி 8, புதன்

முன்னாலேயே கிளம்பினேன். ஆண் பூ பறித்தேன். பெண் பூ ஒன்றுகூட விரிந்திருக்கவில்லை.

புரட்டாசி 10, வெள்ளி

மழை. பூவில் தண்ணீர் நின்றது. பொடி கரைந்து கையில் ஒட்டிக்கொண்டது. மஞ்சள் போகச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சுகந்தி பார்த்தாள். 

புரட்டாசி 12, ஞாயிறு

மூன்று பூவுக்குத் தொட்டு விட்டேன். விரலை நீட்டாமல் அதைச் செய்ய முடியாது. நானும் நீட்டித்தான் செய்தேன்.

புரட்டாசி 17, வெள்ளி

ரெண்டு விழுந்துவிட்டது. ஒன்று நிற்கிறது. பச்சையாக, காம்பு கெட்டியாக. யாரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசி 26, ஞாயிறு

ஹபீப் பாய் காயைப் பார்த்துவிட்டார். அக்கா, புடிச்சுருச்சு போல என்றார், விரலை மடக்கிக் காட்டி. பழைய சேலையைக் கிழித்து ஊஞ்சல் மாதிரி கட்டிக் காயைத் தாங்க வைத்துக் கொடுத்தார். தையல்காரர் முடிச்சு, அவிழாது.

கோகிலா வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். நான் பார்த்ததைத்தான் சொன்னேன் பெரியம்மா, என்று அழுதாள். பார்த்ததைத்தான் சொன்னாள், அது சரி. அவள் ஊர் கேட்கச் சொல்லவில்லை, என் காதில் மட்டும் சொன்னாள். ஊர் கேட்கச் சொன்னது யார்? எழுந்து போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி 3, திங்கள், தீபாவளி

சுகந்தியும் நிவேதாவும் நேற்றே திருப்பூர் போய் இன்றைக்குச் சாயங்காலம் வந்தார்கள். சென்னியப்பனும் நானும் மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். இட்லி நான்தான் ஊற்றினேன்.

சம்பந்தியம்மா எனக்கென்று தனியாக ஒரு டப்பா கொடுத்து விட்டிருக்கிறாங்க. முறுக்கு என் பல்லுக்கு ஆகாது என்று, சர்க்கரை போடாத பொட்டுக்கடலை மாவுருண்டை, கொஞ்சம் வெல்லம் காட்டி, வாயில் வைத்தால் கரைகிற மாதிரி. திறந்து பார்த்து மூடி வைத்தேன். பிறகு ஒன்று தின்றேன்.

என்ன சொன்னாங்க என்று நிவேதாவிடம் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். என்னைப்பற்றி என்ன பேசினாங்க என்று கேட்டேன். "நல்லா இருக்காங்களான்னு கேட்டாங்க ஆத்தா" என்றாள். வேறு ஒன்றும் இல்லையா என்றேன். இல்லை என்றாள். திட்டியிருப்பாங்க, பிள்ளை மறைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால் தூக்கம் வருகிறது.

ஐப்பசி 15, சனி

காய் முற்றிவிட்டது. நகம் இறங்கவில்லை. காம்போடு அறுத்தேன். ஜெசிந்தா டீச்சர் பக்கத்தில் நின்றார். முதல் காய், பொதுக்காய், எல்லாருக்கும் பங்கு உண்டு. அதனால் எல்லா வீட்டிலும் ஏறி இறங்கி, இதைத் திருப்பூருக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். இந்த பிளாக்கில் நான் இதுவரைக்கும் யார் வீட்டுக் கதவையும் எதையும் கேட்டுத் தட்டியதில்லை. ஒரு வீட்டில்கூட ஏன் என்று கேட்கவில்லை. வடக்கத்திப் பெண் காயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சென்னியப்பன் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

சுகந்தி ராத்திரி என் பையில் மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் வைத்தாள். "அம்மாவைக் கூட்டிட்டு வந்துருங்க அத்தை" என்றாள். இத்தனை நாளைக்குப் பிறகு பேசின முதல் பேச்சு. அதை என்னிடம் கேட்கிறாள். என்னைத் தவிர யாராலும் முடியாது என்று நினைக்கிறாள். அல்லது நான்தான் செய்யணும் என்று நினைக்கிறாள். ரெண்டில் எதுவானாலும் போகணும்.

ஐப்பசி 16, ஞாயிறு

பஸ்ஸில் காயை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவன் கீழே வைங்க பாட்டி என்றான். உன் வேலையைப் பார் என்றேன்.

போகும்போது என்னவெல்லாம் நடக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். கதவைத் திறந்ததும் முகத்தைத் திருப்புவாங்க. இல்லை என்றால், நாலு பேர் கேட்க, எந்த மூஞ்சியோடு வந்தீங்க என்று கேட்பாங்க. தங்கராசுவின் குழந்தையைச் சொல்லுவாங்க. சொல்லட்டும், நான் நின்று கேட்கணும், குறுக்கே பேசக் கூடாது, கடைசியில் வாங்க போலாம் என்று கையைப் பிடிக்கணும். அவ்வளவுதான் யோசித்து வைத்திருந்தேன்.

லைன் வீடு. ஒரு வாசலில் வரிசையாக ஆறேழு குடித்தனம், நடுவில் தண்ணீர்க் குழாய். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது வாளிகள். உடைந்த வாளி, அடி ஓட்டையான அண்டா, பெயிண்ட் டப்பா. எல்லாவற்றிலும் கீரை, மிளகாய், ஒன்றில் வெண்டை. பொம்பளைகள் சுற்றி நின்று எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு சம்பந்தியம்மா. இங்கேயும் ஆரம்பித்துவிட்டாங்க.

என்னைப் பார்த்ததும், "அட, வாங்க வாங்க, முட்டி வலியோட இத்தனை தூரமா" என்று ஓடி வந்து காயை வாங்கிக்கொண்டாங்க. எடையைக் கையில் பார்த்தாங்க. காம்பைப் பார்த்தாங்க. "நீங்க தொட்டு உட்டதுங்களா?" என்றாங்க. ஆமாம் என்றேன். "நல்லாப் புடிச்சிருக்குதுங்க" என்றாங்க. அந்தப் பொம்பளைகளுக்கெல்லாம், இவங்கதான் என் சம்பந்தியம்மா, கோயம்புத்தூரில் மாடித் தோட்டமே இவங்கதான் பார்க்கிறாங்க என்று சொன்னாங்க. காப்பி வந்தது. சர்க்கரை இல்லாமல், நான் குடிக்கிற சூட்டில்.

அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து காயை அரிய ஆரம்பித்தாங்க. அந்தப் பொம்பளைகள் போனதும் நான் எதிரே உட்கார்ந்தேன். யாரும் இல்லை. ஆரம்பித்தேன். ஆவணி எட்டாந்தேதி மாடியில் நடந்தது என்று ஆரம்பித்தேன்.

"என்னதுங்க அது?" என்றாங்க.

சொன்னேன். யார் யார் எங்கே நின்றார்கள், கோகிலா என்ன சொன்னாள், நான் என்ன கேட்டேன், அவங்க என்ன சொன்னாங்க, அதற்கு நான் சொன்ன அந்த வார்த்தை. ஒரு எழுத்து விடாமல் மறுபடி சொன்னேன், அவங்க முகத்துக்கு நேராக. அதற்கு முன்னால் அடுப்படியில் மொச்சை உரிக்கும்போது சொன்னதையும், அது எனக்கு அன்றைக்கு ஞாபகம் இருந்தது என்பதையும் சொன்னேன்.

அரிவாள்மணை மேல் கை ஒரு நொடி நின்றது. பிறகு அரிந்தாங்க.

"எனக்கு நெனப்பே இல்லீங்க. அதையெல்லாம் யாரு வெச்சுக்கிட்டிருப்பாங்க, உடுங்க."

நான் திட்டுங்க என்றேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். சிரித்தாங்க. பெரியவங்களைப் போய், என்றாங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம், சுகந்தி காத்திருக்கிறாள் என்றேன். பொண்ணு வீட்டில் எத்தனை நாளைக்குங்க இருப்பது, இங்கேயே பழகிப்போச்சு, பொங்கலுக்கு வந்து ரெண்டு நாள் இருக்கிறேன் என்றாங்க. ஹால் ஃபேன் இன்னும் அந்தச் சத்தம் போடுகிறதா, ரெகுலேட்டரை மாற்றினீர்களா என்று கேட்டாங்க. நிவேதாவின் காது கம்மல் திருகாணி லூஸாக இருந்ததே, சரி செய்தாச்சா என்று கேட்டாங்க. ஒரு திருகாணி நினைவிருக்கிறது.

பொரியல் செய்து லைன் வீடு முழுக்கக் கொடுத்தாங்க. எனக்கும் போட்டாங்க. நன்றாக இருந்தது. நான் செய்வதைவிட நன்றாக இருந்தது என்று சொன்னேன். அதை மட்டும் அவங்க மறுத்தாங்க.

ஐப்பசி 17, திங்கள்

நேற்றுத் தனியாகத் திரும்பி வந்ததைப் பார்த்துச் சுகந்தி ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன். அவங்களுக்கு என் மேல் கோபமே இல்லையாம், எல்லாம் மறந்து போச்சாம் என்று.  சுகந்தி தன் தலைகாணியை எடுத்து வந்து ஹாலில் என் பக்கத்தில் போட்டுப் படுத்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபேனை ரெண்டில் வைத்தேன்.

இன்றைக்கு விடியலில் மாடியில் பூ நிறைய இருந்தது. எல்லாவற்றையும் தொட்டு விட்டு வந்து இதை எழுதுகிறேன்.

என் டிபன் டப்பாவைத் திறந்தவளை விட்டுவிட்டேன், அவளுக்கும் பசித்திருக்கும். கோகிலாவை விட்டுவிட்டேன். முதல் பந்தி விஷயத்தை நேற்றுப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். என் பெரியக்காவே அதை எப்போதோ விட்டுவிட்டாள். சென்னியப்பன் என் பிள்ளை, அவனை என்ன செய்ய.

ஒரே ஒரு ஆளைத்தான் என்னால் விட முடியவில்லை. நான் சொன்ன அத்தனையையும் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் போனேன். பாதியை வாங்கிக்கொண்டிருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். காப்பியைக் கொடுத்து, முழுசாக என்னிடமே திருப்பிக் கொடுத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து கையாட்டி அனுப்பினவள். அவளை நான் மன்னிக்க மாட்டேன்.

மயிலாத்தாள்.